மக்காச்சோளக் காட்டில் ஓர் எலி வங்கு

பல்லடத்துக்கும் உடுமலைக்கும் நடுவே, குடிமங்கலம் பக்கம், பரம்பிக்குளம்–ஆழியாறு வாய்க்கால் தண்ணீர் பாயும் ஒரு கரிசல் காட்டில் மக்காச்சோளம் அறுத்து முடிந்த மூன்றாம் நாள், என் மைத்துனர் கைப்பேசியை என்னிடம் நீட்டி, "ஏனுங் மாமா, இதுல போட்டிருக்கறது நெசமுங்களா?" என்று கேட்டார். மக்காச்சோளத்தை மட்டும் தின்னும் எலி தான் ஈன்ற குட்டிகளையே தின்றுவிடுகிறது என்று வெளிநாட்டு ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்துவிட்டதாகவும், ஆகவே மக்காச்சோளக் காட்டில் எலி மருந்து வைப்பது வீண் செலவு என்றும் அந்தச் செய்தி சொன்னது. அவர் அதைக் கேட்ட இடத்துக்குப் பத்தடி தூரத்தில், பொழியை, அதாவது வரப்பை, ஒட்டிய நான்கு சால்களில், எலி கடித்துச் சாய்த்த தட்டுகளும் பாதி தின்ற கருதுகளும் கிடந்தன.

இந்தக் குறிப்பு அந்தக் கேள்விக்கான விடை. செய்தியின் முதல் பாதியில் உண்மை இருக்கிறது. அந்த உண்மை எந்த விலங்கைப் பற்றியது, எந்த ஊரில் நடந்தது என்பதை அறுத்தெறிந்துவிட்டு முடிவை மட்டும் அனுப்பியதில்தான் கோளாறு. அதை வாயால் விளக்குவதைவிட ஒரு வங்கைத் திறந்து பார்த்துவிடுவது மேல் என்று எனக்குத் தோன்றியது. எலி பிடிக்கும் பெரியவர் ஒருவர் மறுநாள் காலை கடப்பாரையும் மண்வெட்டியும் புகைமூட்டப் பானையுமாக வந்தார்.

வங்கில் இருந்தவை

அவர் நேராக வாய்க்கால் பொழிக்குப் போனார். ஓரிடத்தில் ஈரமண் புதிதாகத் தள்ளப்பட்டுக் குவியலாக இருந்தது. வங்கின் வாய் உள்ளிருந்தே மண்ணால் அடைக்கப்பட்டிருந்தது. "திறந்து கெடந்தா வெள்ளெலிங்க. இப்படி அடச்சுருந்தா இது வேறைங்க, உள்ள தாய் இருக்குது" என்றார். அவர் சொன்னது சரி. வெள்ளெலியின் வங்கு வறண்ட மேட்டு நிலத்தில் வாய் திறந்தபடி இருக்கும். வாயை மண் வைத்து மூடிக்கொண்டு உள்ளே தானியம் சேர்த்து வைப்பது கரம்பை எலி என்று வேளாண் நூல்கள் குறிப்பிடும் வயலெலி. இவை போக, கரிசல் வெடிப்புகளிலேயே குடியிருந்துவிடும் புல்லெலியும், வயல் சுண்டெலியும் இந்தப் பகுதியில் உண்டு. ஒவ்வொன்றின் தீனியும் வேறு, ஈனும் காலமும் வேறு. 'எலி' என்ற ஒரே சொல்லில் இவை அனைத்தையும் அடக்கிவிடும்போதே பாதிப் பிழை நடந்துவிடுகிறது.

முழங்கை ஆழத்தில் முதல் அறை வந்தது. இரண்டு கை நிறைய மக்காச்சோள மணிகள் இருந்தன. மணிகளைத் துண்டில் கொட்டிப் பார்த்தபோது, கடிபட்டவற்றில் பெரும்பாலானவை ஒரே மாதிரியாகக் கடிபட்டிருந்தன: மணியின் கூரான அடிப்பக்கத்தில் முளை இருக்கும் இடம் மட்டும் குடையப்பட்டு, மஞ்சள் மாவுப்பகுதி அப்படியே விடப்பட்டிருந்தது. மணிகளோடு தட்டைப்பயறு நெற்றுகள் சிலவும், கோரைக்கிழங்குகளும் கலந்திருந்தன. அறையின் ஓரத்தில் வாய் உடைந்த நத்தை ஓடுகள் ஐந்தாறு கிடந்தன. அதற்கப்பால், மக்காச்சோளத் தோகையைப் பஞ்சு போலக் கிழித்துப் போட்ட படுக்கையில், கண் திறக்காத, முதுகில் மயிர் அரும்பத் தொடங்கியிருந்த குட்டிகள் ஏழு இருந்தன. தாய் பின்பக்கத்து ஓட்டைவழி போய்விட்டது. ஏழு குட்டிகளின் உடலிலும் காயம் எதுவும் இல்லை.

ஒரு வங்கை வைத்து ஒரு கொள்கையைக் கட்ட முடியாது, உடைக்கவும் முடியாது. அந்தத் தாய் பத்து ஈன்று மூன்றைத் தின்றிருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது. ஆனால் கேள்வியை எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதை அந்தத் துண்டில் கிடந்த பொருள்கள் காட்டிவிட்டன. மக்காச்சோளக் காட்டு எலி மக்காச்சோளத்தை மட்டும் தின்று வாழவில்லை. மக்காச்சோளத்திலும் எல்லாப் பகுதியையும் ஒரே மாதிரியாகத் தின்னவில்லை.

அல்சாஸில் நடந்தது

செய்தியில் சொல்லப்பட்ட விலங்கு ஐரோப்பிய வெள்ளெலி என்று மொழிபெயர்க்கப்பட்டிருந்தது. அது நம் வெள்ளெலி அன்று. கன்னப் பைகளில் தானியம் சுமந்து சென்று வளையில் கிலோக் கணக்கில் சேர்க்கும், குளிர்காலம் முழுவதும் நிலத்தடியில் உறங்கும் ஹாம்ஸ்டர். பிரான்ஸின் கிழக்கெல்லையிலுள்ள அல்சாஸ் பகுதியில் ஒரு காலத்தில் பயிர்க்கொல்லி என்று பொறி வைத்துப் பிடிக்கப்பட்ட அந்த விலங்கு, அருகிப்போனதால் 1993 முதல் அந்நாட்டுச் சட்டத்தால் காக்கப்படுகிறது. காக்கப் போதுமானதைச் செய்யவில்லை என்று 2011 ஜூன் மாதம் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் பிரான்ஸுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 2020இல் அது உலக அளவில் அழிவின் விளிம்பிலுள்ள இனங்களின் பட்டியலில் சேர்ந்தது.

அல்சாஸில் கோதுமை, பார்லி, குதிரைமசால், காய்கறி என்று துண்டு துண்டாக இருந்த நிலங்கள் மக்காச்சோள வெளிகளாக மாறியிருந்தன. வசந்தத்தில் உறக்கம் கலைந்து ஹாம்ஸ்டர் வெளியே வரும்போது மக்காச்சோள நிலம் வெறுந்தரையாக இருப்பதால் ஒளியவும் தின்னவும் ஒன்றும் இல்லை என்பது முன்பே தெரிந்திருந்தது. தீனியின் தரமே இனப்பெருக்கத்தைக் கெடுக்கிறதா என்பதை அல்சாஸின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் மத்தில்டு டிஸ்ஸியேயும் உடன் ஆய்வாளர்களும் சோதித்து 2017இல் வெளியிட்டார்கள். ஆய்வுக்கூடத்துப் பெண் ஹாம்ஸ்டர்களுக்குக் கோதுமையோ மக்காச்சோளமோ முதன்மைத் தீனியாகவும், அதனுடன் பயறுக் குடும்பத்துத் தீவனப் பயிரான குளோவரோ மண்புழுவோ துணைத் தீனியாகவும் கொடுக்கப்பட்டன. ஈன்ற குட்டிகளின் எண்ணிக்கையில் பெரிய வேறுபாடு இல்லை. வேறுபாடு அதற்குப் பிறகுதான் வந்தது: கோதுமை தின்ற தாய்களின் குட்டிகளில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு பால்குடி மறக்கும் வரை பிழைத்தன, மக்காச்சோளம் தின்ற தாய்களின் குட்டிகளில் நூற்றுக்கு ஐந்து அளவே பிழைத்தன. அந்தத் தாய்கள் உயிரோடிருந்த குட்டிகளைத் தூக்கிக்கொண்டுபோய், சேர்த்து வைத்த மக்காச்சோளக் குவியலிலேயே போட்டுப் பிறகு தின்றன. கூண்டுக்குள் வட்டமடித்து ஓடின. நாக்கு தடித்துக் கறுத்தது.

கறுத்த நாக்கு என்றதும் ஊட்டச்சத்து வரலாறு தெரிந்தவர்களுக்குப் பெல்லாக்ரா நினைவுக்கு வந்திருக்கும். மக்காச்சோளக் கூழையே நம்பி வாழ்ந்த ஏழைகளைத் தோல் வெடிப்பும் வயிற்றுப்போக்கும் புத்தி மயக்கமுமாக வாட்டிய நோய் அது. தொற்றுநோய் என்று நம்பப்பட்ட அதை உணவுக் குறைபாடு என்று 1910களில் அமெரிக்காவின் தென்மாநிலங்களில் நிறுவியவர் ஜோசப் கோல்ட்பர்கர். நாய்களுக்கு வரும் கருநாக்கு நோயை நிக்கோட்டினிக் அமிலம், அதாவது நயாசின் எனப்படும் பி3 வைட்டமின், தீர்க்கிறது என்று 1937இல் காட்டியவர் கான்ராட் எல்வெஜெம். மக்காச்சோளத்தில் நயாசின் இருக்கிறது. ஆனால் பெரும்பகுதி குடலால் பிரித்தெடுக்க முடியாதபடி கட்டுண்டு கிடக்கிறது. உடலே நயாசினைத் தயாரித்துக்கொள்ள உதவும் டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலமும் அதன் புரதத்தில் குறைவு. மெக்சிகோ மக்கள் காலங்காலமாக மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்தே அரைத்ததால் அந்தக் கட்டு அவிழ்ந்தது. தானியத்தை மட்டும் கப்பலில் ஏற்றிச் சென்ற நாடுகள் சுண்ணாம்பை விட்டுவிட்டுப் போயின. ஸ்ட்ராஸ்பூர்க் ஆய்வாளர்கள் மக்காச்சோளத் தீனியோடு நயாசினின் ஒரு வடிவத்தைச் சேர்த்துக் கொடுத்தபோது தாய்கள் குட்டிகளைத் தின்பது நின்று, குட்டிகள் பிழைத்தன. காரணம் அங்கே கையும் களவுமாகப் பிடிபட்டது.

ஆகவே ஆராய்ச்சி உண்மை. அதை எழுதியவர்கள் எலி மருந்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அருகிவரும் ஒரு விலங்கைக் காப்பாற்ற அவர்கள் செய்த வேலையை, பெருகிவரும் வேறொரு விலங்கை ஒழிக்கும் யோசனையாக யாரோ திருப்பிவிட்டார்கள்.

நம் எலி ஏன் அப்படிச் சாகவில்லை

மைத்துனரின் அடுத்த கேள்வி நியாயமானது. அங்கே துணைத் தீனியாகக் குளோவரும் மண்புழுவும் கொடுத்தும் குட்டிகள் பிழைக்கவில்லை என்றால், இங்கே இரண்டு நெற்றும் நான்கு நத்தையும் தின்ற எலி மட்டும் எப்படிக் குட்டியை வளர்க்கிறது? இந்த இடத்தில் அவசரப்பட்டு, 'பலவகைத் தீனி கிடைப்பதால்' என்று ஒரே வரியில் முடித்துவிட எனக்கும் ஆசை வந்தது. ஆனால் ஸ்ட்ராஸ்பூர்க் சோதனையே அந்த விடைக்குக் குறுக்கே நிற்கிறது.

விடையின் ஒரு பகுதி எலியின் உடலுக்குள் இருக்கிறது. டிரிப்டோஃபேனிலிருந்து நயாசின் தயாரிக்கும் திறமை எல்லா விலங்குக்கும் ஒன்றுபோல் இல்லை. பூனைக்கு அது அநேகமாக இல்லை; எலிக்கு நன்றாகவே உண்டு. 1945இல் விஸ்கான்சினில் எல்வெஜெமின் ஆய்வுக்கூடத்தில் கிரெல் முதலானோர் வெள்ளை எலிகளின் தீனியில் மக்காச்சோள நொய்யைச் சேர்த்துச் செய்த சோதனை இதற்கு நேரான சான்று: நயாசின் குறைந்த தீனியில் மக்காச்சோளம் சேர்ந்ததும் எலிகளின் வளர்ச்சி குன்றியது, நயாசின் கொடுத்தாலும் மீண்டது, நயாசினே கொடுக்காமல் டிரிப்டோஃபேன் கொடுத்தாலும் மீண்டது. அதாவது மக்காச்சோளம் எலியையும் கெடுக்கத்தான் செய்யும். ஆனால் எலிக்கு மாற்றுவழி ஒன்று திறந்திருக்கிறது, கொஞ்சம் நல்ல புரதம் கிடைத்தால் போதும். ஹாம்ஸ்டருக்கு அந்த வழி எவ்வளவு அகலம் என்பதும், நம் கரம்பை எலிக்கு எவ்வளவு அகலம் என்பதும் தனித்தனிக் கேள்விகள். ஒன்றின் விடையை மற்றொன்றின் மேல் ஏற்றக் கூடாது.

அந்த நல்ல புரதம் எங்கிருந்து வந்தது என்பதற்குத்தான் துண்டில் கிடந்தவை சாட்சி. மணியின் முளைப்பகுதியில் எண்ணெயும், மாவுப்பகுதியைவிடத் தரமான புரதமும் இருக்கின்றன. குடைந்து தின்ற இடம் அதுதான். தட்டைப்பயறு பருப்பினம். நத்தை இறைச்சி, ஓடு சுண்ணாம்பு. மக்காச்சோளத்தில் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு என்பதையும், பால் கொடுக்கும் தாய்க்கு அது எவ்வளவு தேவை என்பதையும் சேர்த்துப் பார்த்தால் அந்த ஓடுகள் தற்செயலாகத் தெரியவில்லை. கூண்டிலிருந்த ஹாம்ஸ்டருக்கு என்ன, எவ்வளவு என்பதை ஆய்வாளர் தீர்மானித்தார்; பொழியில் இருக்கும் எலி தானே தீர்மானிக்கிறது.

பல்லடத்தில் கோழித் தீவனம் கலக்கும் நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவர் வியப்படையவே இல்லை. "மக்காச்சோளத்த மட்டும் போட்டா கோழி நிக்குமுங்களா? பாதிக்கு மேல அதுதான் போகுது, ஆனா சோயாப் புண்ணாக்கு இல்லாம, வைட்டமின் இல்லாம ஒரு மூட்டை வெளிய அனுப்ப மாட்டோமுங்க" என்றார். அந்த வைட்டமின் பொட்டலத்தில் நயாசினும் ஒன்று. மக்காச்சோளத்தின் குறை இந்த ஊருக்குத் தெரியாத செய்தி அல்ல. பண்ணைக்குத் தெரிந்த கணக்கு காட்டில் நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான். கோழிக்குத் தீவனக்காரர் கலந்து கொடுப்பதை எலி தானே பொறுக்கிக் கலந்துகொள்கிறது.

மக்காச்சோளக் காட்டில் எலி செழிக்கவும் முடியும் என்பதற்குத் தான்சானியா தெளிவான சான்று. அங்கே மக்காச்சோள விதையைத் தோண்டித் தின்று விவசாயியைத் திரும்ப விதைக்க வைப்பது மாஸ்டோமிஸ் என்ற வயலெலி. அதன் பெருக்கத்தை முன்கூட்டிச் சொல்ல ஆய்வாளர்கள் பயன்படுத்தியது மக்காச்சோள விளைச்சலை அல்ல, மழையை. மழைக்குப் பின் துளிர்க்கும் புல்லோடு அதன் ஈனும் காலம் தொடங்குகிறது; ஆண்டிறுதி மழை கூடுதலாகப் பெய்தால் இளம் எலிகள் முன்னதாகவே பருவமடைந்து அடுத்த ஆண்டு வெள்ளமாகப் பெருகுகின்றன. இளம்புல்லுக்கும் ஈனுதலுக்கும் உள்ள தொடர்பு வெறும் வயிறு நிறைவது மட்டும் அல்ல என்பதும் உண்டு: அமெரிக்க மலைப்புல்வெளியில் வாழும் ஒருவகை வோல் எலியில், இளம்புல்லிலுள்ள ஒரு வேதிப்பொருளே இனப்பெருக்கத்தைத் தூண்டுவதை 1981இல் கண்டறிந்தார்கள். அதையும் அப்படியே நம் எலிக்குப் பொருத்துவது, மைத்துனருக்கு வந்த செய்தி செய்த அதே தவறைத் திரும்பச் செய்வதாகும்.

நெல் வயலில் இது இன்னும் துல்லியமாகத் தெரிந்திருக்கிறது. தென்கிழக்கு ஆசியாவின் வயலெலி, பயிர் தூர் கட்டி முடித்துக் கதிர் உருவாகும் கட்டத்தில் சினைப்படத் தொடங்குகிறது. சினைக்காலம் மூன்று வாரம். ஒரே போகத்தில் மூன்று ஈற்று வரை போகும். ஊரெல்லாம் ஒரே சமயத்தில் நட்டால் அந்தச் சாளரம் குறுகுகிறது. ஒருவர் முந்தியும் ஒருவர் பிந்தியும் நட்டால், முதல் வயலில் பிறந்த குட்டி இரண்டாம் வயலில் தாயாகிறது.

நம் பாசனம் இதில் கவனிக்கத்தக்க இடத்தில் இருக்கிறது. பரம்பிக்குளம்–ஆழியாறு ஆயக்கட்டு நான்கு மண்டலங்களாகப் பிரிந்து முறைவைத்துத் தண்ணீர் பெறுகிறது. ஒரு மண்டலத்துக்குள் விதைப்பு ஏறத்தாழ ஒருசேர நடக்கிறது. பக்கத்து மண்டலம் அப்போது காய்ந்து கிடக்கிறது. காய்ந்த பக்கத்து எலி பச்சை உள்ள பக்கத்துக்கு நகர்வதற்கு மண்டல எல்லையும் வாய்க்கால் பொழியும்தான் வழி என்பது என் ஊகம். அதைச் சோதிக்க ஒரு முழு நீர்ச்சுற்றாவது வங்குகளை எண்ணிப் பார்க்க வேண்டும்.

தட்டைப்பயறு எப்படி வந்தது

துண்டில் கிடந்தவற்றில் என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது அந்த நெற்றுகள்தான். கோழிப்பண்ணைகள் பெருகி மக்காச்சோளம் பரவுவதற்கு முன், இந்தக் காடுகளில் சோளமோ கம்போ போட்டால் ஊடே தட்டைப்பயறும் அவரையும் நரிப்பயறும் ஓடும். அந்தச் சோளமும் குறையில்லாத தானியம் அன்று. தக்காணத்தில் சோளமே உணவாக இருந்தவர்களிடம் பெல்லாக்ரா இருப்பதைக் கண்டு, சோளத்தில் மிகுந்திருக்கும் லூசின் என்ற அமினோ அமிலம் அதற்குக் காரணமாகலாம் என்று 1960இல் முன்வைத்தவர்கள் ஐதராபாத்தில் பணியாற்றிய சி. கோபாலனும் ஸ்ரீகாந்தியாவும். அதனால் சோளச்சோற்றுக்குப் பயற்றுக்குழம்பு என்று நம் அப்பாருகள் உண்டது சத்துக்கணக்கிலும் சரியாகவே இருந்தது. மக்காச்சோளம் வந்தபோது ஊடுபயிர் போயிற்று. களைக்கொல்லிக்கும் இயந்திர அறுவடைக்கும் அது இடைஞ்சல்.

பிறகு 2018இல் மக்காச்சோளப் படைப்புழு வந்து குருத்தைத் துளைத்தது. புழுவைத் தின்னும் பூச்சிகளை வரவழைக்க வரப்போரம் தட்டைப்பயறும் எள்ளும் சூரியகாந்தியும் போடச் சொல்லி வேளாண் துறையும் பல்கலைக்கழகமும் பரிந்துரைத்தன. மைத்துனரும் போட்டார். அவர் படைப்புழுவுக்காகப் போட்ட தட்டைப்பயறுதான் எலியின் அறையில் கிடந்தது. ஒற்றைப் பயிரால் உண்டாகியிருக்கக்கூடிய சத்துக்குறையை, இன்னொரு பூச்சிக்காகச் செய்த வைத்தியம் எலிக்கு நிறைத்துக் கொடுத்திருக்கிறது.

"அப்ப தட்டைப்பயற எடுத்துரலாமுங்களா மாமா?" என்றார். வேண்டாம் என்றேன். படைப்புழு ஒரு பருவத்தில் செய்யும் சேதத்தோடு எலி செய்யும் சேதத்தை அந்தக் காட்டில் ஒப்பிடவே முடியாது. தட்டைப்பயற்றை எடுத்தாலும் கோரையும் நத்தையும் பூச்சியும் இருக்கும். கிளுவை வேலியை வெட்டி எறிந்து பொழியை மொட்டையடித்தால் கூகைக்கும் சாரைக்கும் கீரிக்கும் இடமில்லாமல் போகும். எலியைச் சத்துக்குறையால் கொல்வது என்பது அல்சாஸ் அளவுக்கு நிலத்தையே மாற்றினால்தான் நடக்கும். அந்த அல்சாஸிலோ இப்போது ஹாம்ஸ்டருக்காகக் கோதுமையும் குதிரைமசாலும் போடச் சொல்லி விவசாயிகளுக்குப் பணம் கொடுக்கிறார்கள்.

தீனி கணக்கிலிருந்து நமக்குக் கிடைக்கும் பயன் காலம் பற்றியது. விதைப்பிலிருந்து பூ எடுக்கும் வரை காட்டில் எலிக்குத் தானியம் இல்லை. இருப்பவை பொழியில் முடங்கிக் கிடக்கும் பழைய எலிகள்தாம். பால் பிடித்த பிறகு மருந்து வைத்தால், கருது தொங்கும் காட்டில் எந்த எலியும் நொய்யுருண்டையைச் சீண்டாது. துத்தநாக பாஸ்பைடு என்ற எலி மருந்தை வைப்பதாக இருந்தாலும் முதலில் சில நாள் வெறும் உருண்டை வைத்துப் பழக்க வேண்டும். இல்லையேல் ஒருமுறை தின்று தப்பித்த எலி மறுபடி தொடாது. அதையும் வங்குக்கு உள்ளே தள்ளித்தான் வைக்க வேண்டும், ஏனென்றால் இந்தப் பக்கம் காடெல்லாம் மயில்.

பெரியவர் குழியை மூடிவிட்டு, பொழி நெடுக இருந்த வங்கு வாய்களையெல்லாம் காலால் மிதித்து அடைத்துக்கொண்டே போனார். மறுநாள் விடியலில் எவை திறந்திருக்கின்றனவோ அவைதாம் எலி இருக்கும் வங்குகள். அவற்றை எண்ணி எழுதி வைக்க மைத்துனர் ஒரு பழைய நாட்காட்டியை எடுத்து வைத்திருக்கிறார். அடுத்த சுற்றுத் தண்ணீர் திறந்து விதைப்பு முடிந்த இருபதாம் நாள் மறுபடி எண்ணுவது என்றும், பக்கத்துக் காட்டுக்காரரும் அதே நாளில் தம் பொழியில் எண்ணுவது என்றும் பேச்சு.